ஆர்மீனியக் காட்டில் பாதை செப்பனிடப் போவது எப்படி: பெங்களூரிலிருந்து புறப்படுவோருக்கு

சென்ற ஜூன் மாதம் ஆர்மீனியாவின் திலிஜான் தேசியப் பூங்காவில், பல நாட்டுத் தன்னார்வலர்களோடு பத்து நாள் கூடாரத்தில் தங்கி மலைப்பாதை ஒன்றைச் செப்பனிட்டுவிட்டு வந்தேன். அல்சூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் அன்றிலிருந்து அதே கேள்விகளைக் கேட்பதால், முதன்முறை போகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

முகாமும் விசாவும்

ஆர்மீனியா, ஜார்ஜியா மலைகளின் ஊடே செல்லும் ட்ரான்ஸ்காகேசியன் டிரெயில் என்ற நெடும்பாதைக்காகத் திலிஜானில் இத்தகைய முகாம்கள் நடந்திருக்கின்றன. தன்னார்வ வேலை என்றதும் எல்லாம் இலவசம் என்று எண்ணிவிட வேண்டாம். விமானச் செலவு நம்முடையது, சாப்பாட்டுக்கும் கருவிகளுக்குமாகப் பெரும்பாலான முகாம்களில் ஒரு கட்டணமும் உண்டு. கூடாரம் தருவார்களா, நாளுக்கு எத்தனை மணி நேர வேலை என்பவற்றைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஆர்மீனிய விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால், முதல் பயணத்துக்கு ஐரோப்பாவைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். பயண நோக்கம் என்ற இடத்தில் எதைக் குறிப்பது என்று மட்டும் முகாம் நடத்துவோரிடம் கேட்டு, அவர்களுடைய கடிதத்தையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

பெயர்

நான் இடறி விழுந்த இடம் இதுதான். நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான இடம் வெறுமையாகவே இருக்கும். தலைப்பெழுத்தையும் விரித்து எழுதாமல் விட்டிருந்தால், பெயர் ஒற்றையாக நிற்கும். பயணச்சீட்டு வாங்கும் தளமோ குடும்பப்பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. நான் அங்கே அப்பாவின் பெயரை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். இரவு இரண்டு மணிக்கு விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் கடவுச்சீட்டையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், இந்தப் பெயர் இதில் இல்லையே" என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னபோது எனக்கு வியர்த்தது. அந்த விமானம் போயிற்று. புதிய சீட்டு எடுத்து, முகாமுக்கு ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

ஆகவே, ஒற்றைப் பெயரை எப்படி நிரப்புவது என்று அந்தந்த விமான நிறுவனத்திடமே கேளுங்கள். இரண்டு கட்டங்களிலும் அதே பெயரை எழுதச் சொல்பவர்கள் உண்டு, வேறு முறை சொல்பவர்களும் உண்டு. எதுவானாலும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். விசா, காப்பீடு, முகாம் கடிதம் ஆகியவற்றில் கடவுச்சீட்டில் உள்ள பெயர் ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்க வேண்டும். பெங்களூரிலிருந்து ஆர்மீனியத் தலைநகர் யெரெவானுக்குப் பலரும் வளைகுடா வழியாகவே போகிறார்கள். வழியில் துபாயில் இறங்கி இரண்டு நாள் சுற்றலாம் என்று நினைப்பவர்கள், ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதியில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்ததை மனத்தில் கொள்ள வேண்டும். ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, குடும்பப்பெயர் சேர்த்துக் கடவுச்சீட்டை மறுவெளியீடு செய்யச் சொல்லி லால்பாக் சாலை சேவா மையத்தில் வரிசையில் நின்றதுதான்.

மூட்டை

அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது; பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். விலையுயர்ந்த கூடாரம் வாங்காதீர்கள், அந்தப் பணத்தைக் காலணியில் போடுங்கள், போட்டுக்கொண்டு ஒரு மாதமாவது சாவன்துர்காவில் ஏறி இறங்குங்கள். கையுறைக்கு மலையேற்றக் கடைகள் தேவையில்லை, எஸ்.பி. சாலை இரும்புக் கடையில் கிடைக்கும் வெல்டிங் தோல் கையுறையே எனக்குக் கடைசி நாள்வரை தாங்கியது.

வேலை

ஒரு பக்கம் கோடாரியும் மறுபக்கம் மண்வெட்டி போன்ற அலகும் கொண்ட புலாஸ்கியை ஓங்கும்போது, அடுத்தவரிடமிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கிளையைப் பாதிக் குச்சியாக விடாமல், அடியில் தடித்திருக்கும் வளையத்தை ஒட்டி வெட்டி, வெட்டுவாய் பாதைக்குத் தெரியாதபடி சரிவில் போட வேண்டும். பாதையின் வெளியோரம் சற்றே தாழ்ந்திருந்தால்தான் மழைநீர் தேங்காமல் வடியும். எங்கள் குழுத்தலைவி தண்ணீர்ப் புட்டியைப் பாதையில் படுக்க வைப்பார். அது சரிவுப் பக்கம் சோம்பலாக உருண்டால் தலையாட்டுவார், அசையாமல் கிடந்தால் மறுபடியும் கொத்தச் சொல்வார். ஆர்மீனிய மொழியின் முதல் இதழான அஸ்தரார் 1794இல் அச்சான ஊர் எங்கள் மதராஸ்தான் என்று சொல்லிப் பார்த்தேன். கொத்து வேலையில் சலுகை ஒன்றும் கிடைக்கவில்லை.

பின்சேர்க்கை: சைவர்கள் என்ன சாப்பிடுவது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அங்கே நோன்பு உணவைப் "பாஸ்" என்பார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் இறைச்சியும் பாலும் இல்லாத உணவு வேண்டும் என்று புரிந்துகொள்வார்கள். தயிர் இல்லாமல் முடியாதவர்கள் "மாட்சூன்" என்று தனியாகக் கேட்க வேண்டும். பயணக் காப்பீட்டில் கருவி பிடித்துச் செய்யும் உடலுழைப்பு விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். என் முதல் காப்பீட்டில் விலக்கப்பட்டிருந்தது, அதை மாற்றிய பிறகே கிளம்பினேன்.