பினாங்கின் பழைய மாளிகையில் ஒரு நிதானமான திருமணம்: ஆவணப் பாணியில் படமெடுப்பது எப்படி?

மேடை, சிம்மாசன நாற்காலி, சுற்றிலும் வண்ண விளக்குகள் என்று மண்டபத்தில் நடக்கும் திருமணங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஜோர்ஜ்டவுனின் பழைய மாளிகை ஒன்றில் அறுபது எழுபது உறவினர்களோடு அமைதியாக நடக்கும் திருமணம் முதலில் சற்றுத் திகைப்பைத் தரும். அங்கே மேடை இருக்காது. எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும்கூட உறவினர்களுக்கு நடுவே நடமாடிக்கொண்டிருப்பார்கள். இத்தகைய திருமணத்துக்கு ஆவணப் பாணியே பொருந்தும். நடப்பதை நடக்கிறபடியே எடுக்க வேண்டும், யாரையும் நிறுத்தி மறுபடி செய்யச் சொல்லக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. அப்படியானால் படமெடுப்பவரின் கையில் மிஞ்சுவது இரண்டே: எங்கே நிற்பது, எப்போது பொத்தானை அழுத்துவது. இந்த விளக்கம் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியது. நிற்கும் இடம் சரியாக அமையாதவருக்கு எவ்வளவு விரைவான விரல் இருந்தும் பயனில்லை. அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. ஆகிய மூன்றும் என்னவென்று தெரிந்திருந்தால் தொடர்ந்து வாசிக்கலாம்.

முதல் படி: முன்பே ஒரு நாள், முகூர்த்த நேரத்திலேயே சென்று வீட்டைப் பாருங்கள்

ஒளியின் கணக்கில் இங்குள்ள பழைய வீடுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். லீத் தெருவில் உள்ள சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையைப் போல, வானத்தைப் பார்த்த முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்தவை ஒரு வகை. நீல மாளிகை என்று எல்லோரும் அழைக்கும் அந்த வீட்டில் அப்படி ஐந்து முற்றங்கள் உள்ளன. ஆயர் ஈத்தாம் சாலையில் உள்ள சஃபோக் ஹவுஸைப் போல, புல்வெளிக்கு நடுவே உயரமான சன்னல்களோடு நிற்கும் ஆங்கிலேயர் காலத்து வீடுகள் இன்னொரு வகை. முதல் வகையில் ஒளி மேலிருந்து இறங்குகிறது; இரண்டாம் வகையில் பக்கவாட்டில் நுழைகிறது. சன்னல் ஓரத்து ஒளியைப் பற்றி எங்கும் படிக்கலாம் என்பதால், முற்றத்து ஒளியையே இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

நம் நாட்காட்டியில் இளவேனில் தொடங்கும் பங்குனிக் கடைசி, சித்திரைத் தொடக்க நாட்களில் பினாங்கின் சூரியன் கிட்டத்தட்ட நேர் கிழக்கில் உதித்து, தலைக்கு மேலாகவே ஏறி, நேர் மேற்கில் இறங்குகிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் உச்சிப் பொழுதில் தலைக்கு மிக நேராகவே நிற்கும். ஆனால் அந்த உச்சிப் பொழுது கடிகாரத்தில் 12 மணி அன்று. 1982 முதல் மலேசியா முழுவதும் கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னே கடிகாரம் வைத்திருப்பதால், மேற்கு ஓரத்தில் உள்ள பினாங்கில் சூரியன் உச்சிக்கு வர மதியம் ஏறத்தாழ 1.20 ஆகிவிடுகிறது. சூரிய உதயமும் காலை 7.10ஐத் தாண்டித்தான். ஆகவே ஒன்பது மணி முகூர்த்தம் என்றால் வெயில் இன்னும் தாழ்வாகவே இருக்கும்.

சுவரின் உயரத்தில் பாதி அளவே அகலமுள்ள ஒரு முற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு வெயில் மேற்குச் சுவரின் மேற்பகுதியில் மட்டும் விழும். தரையில் உட்கார்ந்திருக்கும் மணமக்களின் முகத்துக்கு அந்தச் சுவரிலிருந்து தெறித்து வரும் ஒளியும் வானத்தின் ஒளியும் கிடைக்கும். கண்ணுக்குக் கீழே கருநிழல் விழாது. ஏறத்தாழ பதினொன்றரை மணிக்குத்தான் நேர் வெயில் தரையைத் தொடும். அதற்குப் பின் மூன்று மணி வரை முற்றத்தின் நடுவில் யாரையும் எடுக்க முயல வேண்டாம். தாழ்வாரத்துக்கு நகர்ந்து, முற்றத்தை நோக்கித் திரும்பியிருக்கும் முகங்களை எடுங்கள். வெயில் பட்ட தரையே அப்போது ஒளி தரும். வீட்டைப் பார்க்கச் செல்லும்போது மணிக்கொரு முறை ஒரே இடத்தில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால், அந்த வீட்டுக்குரிய நேரக்கணக்கு உங்களுக்கே கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: வீட்டின் விதிமுறைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்

ஜோர்ஜ்டவுன் 2008இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம். இங்குள்ள மாளிகைகள் பலவற்றில் விடுதியோ அருங்காட்சியகமோ இயங்குகிறது; திருமணத்தன்றும் சுற்றிப் பார்க்க வருபவர்கள் இருக்கலாம். எந்த அறைக்குள் செல்லலாம், மாடிக்கு ஏறலாமா, ஃபிளாஷ் பயன்படுத்தலாமா, ஹோமத் தீக்கு அனுமதி உண்டா என்று எழுத்து மூலம் கேளுங்கள். மரத்தாலான பழைய கட்டடத்தில் அனுமதி இல்லாத தீ முகூர்த்த நேரத்தில் பெரும் வாக்குவாதத்தில் முடியும். அதைக் குடும்பத்துக்கு முன்பே நினைவூட்டுவது உங்கள் வேலை இல்லைதான், ஆனாலும் நினைவூட்டுங்கள். கேமரா முக்காலியின் இரும்புக் கால் பூவேலைத் தரை ஓடுகளைக் கீறும். சுண்ணாம்புப் பூச்சுள்ள சுவரில் ஒட்டுநாடா ஒட்டினால் பிய்க்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். முக்காலியையும் ஒட்டுநாடாவையும் உங்கள் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: கருவிகளும் அமைப்புகளும்

முழு அளவு சென்சர் கேமராவாக இருந்தால் 35 மி.மீ., 85 மி.மீ. என இரண்டு லென்ஸ் போதும். 35இல் ஆளும் வீடும் சேர்ந்து வரும். 85 தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து ஒரு முகத்தை மட்டும் எடுக்க உதவும். பெரிய ஜூம் லென்ஸைத் தூக்கிக்கொண்டு நின்றால் எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. மூன்று பேட்டரியும் இரண்டு மெமரி கார்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவை எம் (கைமுறை) நிலையில் வைத்து, ஷட்டர் வேகம் 1/250 வினாடி, அப்பர்ச்சர் எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. தானியங்கி, அதன் உச்ச வரம்பு 6400 என்று தொடங்குங்கள். பின்னால் திருத்த இடம் தரும் ரா (RAW) கோப்பாகவே எடுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் நீராவி படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு எடுக்க வேண்டும். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் சடங்குகளுக்கு வசதியானது, ஆனால் எல்.இ.டி. விளக்கு எரியும் அறையில் அது படத்தில் குறுக்குப் பட்டைகளை உண்டாக்கக்கூடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அத்தகைய அறைகளில் 1/100 அல்லது 1/50 வினாடிக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீல மாளிகையின் சுவர் அவுரி நீலம் கலந்த சுண்ணாம்பால் பூசப்பட்டது. அப்படிப்பட்ட சுவரை ஒட்டி ஒருவரை நிற்கவிட்டால் கன்னத்தின் நிழற்பக்கம் நீலம் பாரிக்கும். நிறச் சமநிலையை, அதாவது ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் கேமரா அந்த நீலத்தைக் குறைப்பதாக எண்ணி மஞ்சளைக் கூட்டும். மஞ்சள் பூசிய முகமும் பொன் நகையும் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். 5500 கெல்வினில் நிறுத்திவையுங்கள். இடம் மாறும்போதெல்லாம் சாம்பல் நிற அட்டையை ஒரு படம் எடுத்துக்கொண்டால் பின்னால் திருத்துவது எளிது. பட்டுச் சேலையின் அரக்குச் சிவப்பிலும் இதே கவனம் தேவை. கேமராவின் மொத்த ஒளி வரைபடம் (ஹிஸ்டோகிராம்) சரியாக இருப்பதுபோல் காட்டும்போதே சிவப்பு மட்டும் வரம்பைத் தாண்டி, பட்டின் இழை தெரியாமல் ஒரே பூச்சாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தைத் திறந்து பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறையுங்கள்.

நான்காம் படி: காலையில் உங்களைப் பழகவிடுங்கள்

முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சென்றுவிடுங்கள். முதல் இருபது நிமிடம் கேமராவைத் தொங்கவிட்டபடி பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லி, கொடுத்த காப்பியைக் குடியுங்கள். பூக்கட்டுபவர், மாக்கோலம் போடுபவர், சீர்வரிசைத் தட்டுகளை எண்ணுபவர் என்று வேலையில் மூழ்கியிருப்பவர்களிடமிருந்து படத்தைத் தொடங்குங்கள். அவர்களுக்கு உங்களைக் கவனிக்க நேரமில்லை. அலங்கார அறையில் பெண் உடுத்தி முடித்த பிறகே, உள்ளிருக்கும் அக்காவிடம் கேட்டுக்கொண்டு நுழையுங்கள். அந்த அறையின் சன்னல் ஒன்றைத் திறந்து, மேல்விளக்கை அணைக்க முடியுமா என்று ஒரே ஒரு முறை கேட்கலாம். ஒளியை இப்படிச் சீராக்குவது ஆவணப் பாணிக்கு விரோதமானது என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. ஆளை நகர்த்துவதுதான் தவறு.

ஐந்தாம் படி: முகூர்த்தம்

இந்தப் படிக்காகவே மற்ற எல்லாம். ஐயரிடம் முன்பே பேசி, மணமக்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார்கள், தாலி கட்டும்போது எழுந்து நிற்பார்களா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்; குடும்பத்துக்குக் குடும்பம் இது மாறும். வீடியோ எடுப்பவரோடு பேசி இருவரும் ஒரே பக்கத்தில் நிற்க ஒப்புக்கொண்டால், ஒருவர் சட்டகத்துக்குள் மற்றவர் வர மாட்டார்.

இடத்தைத் தேர்வதில் தொடக்கநிலையினர் பலரும் நேர் எதிரே நிற்கவே விரும்புவார்கள். எதிரே அக்கினி, அதன் புகை, ஐயரின் கை, பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் குறுக்கே வரும். பெண்ணின் முகமும் அவள் தாயின் முகமும் ஒரே கோட்டில் தெரியும் பக்கவாட்டு மூலை ஒன்றைக் கண்டுபிடித்து, அங்கே முழங்காலிட்டு உட்காருங்கள். உட்காருவதால் பின்னால் இருப்பவர்கள் "தம்பி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று சொல்ல நேராது. கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கும் கைகளும் உங்கள் தலைக்கு மேலே போய்விடும். புகையில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும்போது ஒற்றைப் புள்ளிக்கு மாறி, குங்குமப் பொட்டின் விளிம்பில் அதை வையுங்கள். நெற்றியின் நிறத்துக்கும் குங்குமத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கேமரா எளிதில் பிடித்துக்கொள்ளும்.

ஐயர் கையை உயர்த்தி "கெட்டிமேளம்" என்றதும் தவில் முழங்கும். அதற்கும் முதல் முடிச்சுக்கும் இடையே உங்களுக்குக் கிடைப்பது ஒரு சில வினாடிதான். மாப்பிள்ளையின் விரல்கள் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் மாலைக்கும் சடைக்கும் அடியில் மறைந்திருக்கும் என்பதால் முடிச்சையே எடுக்க முயன்றால் பூவும் ஜரிகையுமே படத்தில் இருக்கும். முதல் முடிச்சின்போது இருவரின் முகத்தையும், அடுத்த முடிச்சுகளைப் போட நாத்தனார் குனியும்போது மூவரின் கைகளையும், பிறகு உடனே திரும்பிச் சுற்றி நிற்பவர்களையும் எடுங்கள். அட்சதை காற்றில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. 1/500 வினாடியில் ஒவ்வோர் அரிசியும் தனித்து நிற்கும். 1/60இல் மஞ்சள் கோடுகளாக ஓடும். இரண்டும் அழகுதான், எது வேண்டும் என்பதை முன்னதாகவே முடிவு செய்துகொள்ளுங்கள். அட்சதை விழுந்த பிறகு பெரும்பாலானோர் கேமராவைத் தாழ்த்திவிடுவார்கள். நீங்கள் தாழ்த்தாதீர்கள், பெண்ணின் தந்தை துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பது அப்போதுதான்.

ஆறாம் படி: குழுப் படமும் பந்தியும்

ஆவணப் பாணி என்று சொல்லிக் குடும்பப் படத்தை மறுக்க வேண்டாம். தாழ்வாரத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, எல்லோர் பெயரும் தெரிந்த ஒரு சித்தப்பாவிடமோ தாய்மாமனிடமோ கூப்பிடும் பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள். படம் முடிந்து வரிசை கலையும் அந்த அரை நிமிடத்தில் தொடர்ந்து எடுங்கள். நின்றபோது விறைப்பாக இருந்தவர்கள் அப்போதுதான் சிரிப்பார்கள்.

பந்தியில் வாயில் உணவோடு இருப்பவரை எடுக்கக் கூடாது. பரிமாறும் கை, ரசத்துக்குக் குழித்த சோறு, இலையை மடிக்கும் விரல் ஆகியவை போதும். ஏப்ரல் மாதப் பினாங்கில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். முற்றமுள்ள வீட்டில் அது வீட்டுக்குள்ளேயே பெய்யும். சமையல்காரர்கள் பாத்திரங்களை இழுத்துக்கொண்டு ஓட, குழந்தைகள் கருங்கல் தரையில் இறங்க, தாழ்வாரம் முழுக்கக் கூட்டம் சேரும். திட்டமிட்டு யாராலும் அமைக்க முடியாத படங்கள் அந்த நேரத்தில் கிடைக்கும் என்பதால், மழை தொடங்கியதும் கேமராவைப் பைக்குள் வைக்காமல் ஓட்டு விளிம்புக்கு இரண்டடி உள்ளே நில்லுங்கள்.

ஏழாம் படி: தேர்வும் ஒப்படைப்பும்

அன்று இரவே இரண்டு வட்டுகளில் நகலெடுத்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு படம் எடுத்திருந்தால் முந்நூறைக் கொடுத்தால் போதும். கண் மூடியவை, ஒன்றுபோலிருப்பவை, யாரையும் சிறுமைப்படுத்துபவை எல்லாம் போகட்டும். நடந்த வரிசையிலேயே அடுக்குங்கள். தாத்தா பாட்டிக்கு இணைப்பு அனுப்புவதைவிட இருபது படங்களை அச்சிட்டுக் கொடுப்பது மேல். படத்தில் இருப்பவர்களின் பெயரையும் உறவுமுறையையும் அந்தச் சித்தப்பாவிடமே கேட்டு, ஒரு வாரத்துக்குள் கோப்போடு தமிழில் எழுதிவிடுங்கள். தேனிலவிலிருந்து திரும்பும் புதுத் தம்பதியரிடம் கேட்டால், எதிர்ப் பக்கத்து உறவினர் பாதிப் பேரை அவர்களுக்கே அடையாளம் தெரியாது.