வேலை முடிந்து வந்த காரில் முன்பக்க டக் டக்

லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கிற கை) ரப்பர் புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் வொர்க்‌ஷாப்பில் மாற்றி வந்த பிறகுதான் இந்தச் சத்தமே ஆரம்பித்தது. பொள்ளாச்சி மெயின் ரோட்டில் ஒன்றுமில்லை. தோப்புக்குப் போகிற மண் பாதையில் இறங்கினால் இடது பக்கம் டக் டக். “புது சாமானுங்க, ஓடினாச் சரியாப் போயிரும்” என்றார்கள் வொர்க்‌ஷாப்பில். நான் ஒத்துக்கொள்ளவில்லை. புதிதாக வந்த சத்தம் என்றால் கை வைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து ஏறினால் சத்தம் இல்லை. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால் வந்தது. உடனே ஸ்டெபிலைசர் லிங்க் மேல் சந்தேகம் வந்தது. இடது, வலது சக்கரப் பக்கங்களை இணைக்கிற ஸ்டெபிலைசர் கம்பியின் நுனியில் மாட்டியிருக்கும் சின்னத் தண்டு அது. இரு பக்கமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது அந்தக் கம்பி முறுக்கப்படுவதில்லை, லிங்குக்கும் வேலை இல்லை.

எங்களூர் மெக்கானிக் அண்ணன் லிங்கைப் பிடித்து ஆட்டினார். மேல் நட்டுக்கு அடியில் பளபளவென்று தேய்ந்த வளையம். நட்டோடு லிங்கின் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) தண்டும் சேர்ந்து சுற்றியிருக்கிறது, அதனால் நட் முழுசாக இறுகவில்லை. தண்டின் நுனியை ஆலன் கீயில் பிடித்துக்கொண்டு புது நட் போட்டு முறுக்கினார்.

“அண்ணா, லோயர் ஆர்ம் போல்ட்டையும் தளர்த்தி, சக்கரம் ஊன்றி நிக்கறப்ப இறுக்கிருங்க” என்றேன். சக்கரத்தைத் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.

அலைன்மென்ட் பார்த்துவிட்டு ஆழியாறு வழியாக வால்பாறை ஏறினேன். 40 கொண்டை ஊசி வளைவிலும் முன்பக்கம் சத்தமே இல்லை.