"அஞ்சு நாள் கழிச்சு கூட்டிட்டு வாங்க": முதல் மாதவிடாயும் நீச்சல் வகுப்பும், தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஏப்ரலில் என்னிடம் உதவிக்குச் சேர்ந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. நல்ல நீச்சல்காரி. குளத்துப் படியில் நின்று ஒரு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பரவாயில்லைங்க்கா, அஞ்சு நாள் கழிச்சு கூட்டிட்டு வாங்க." எனக்குச் சுருக்கென்றது. இதே வாக்கியத்தை, இதே கனிவான குரலில், ஏழெட்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறேன். கோடை லீவில் ஒரு தோட்டத்துக் குளம். மற்ற மாதங்களில் சனி, ஞாயிறு வேன் வைத்துக்கொண்டு பாலக்காட்டுப் பக்கம் ஒரு நீச்சல் குளத்துக்குப் போவோம். பிள்ளைகளுக்குப் பத்து வயதிலிருந்து பதினான்கு வரை இருக்கும். ஆக, வருஷத்துக்கு நாலைந்து பேராவது என் பொறுப்பில் இருக்கும்போதுதான் பெரிய மனுஷி ஆகிறார்கள்.

பேடோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதை எழுதப் போவதில்லை. பேடுக்குள் இருக்கும் உறிஞ்சும் பொடிக்கு இரத்தமும் குளத்துத் தண்ணீரும் ஒன்றுதான். இறங்கிய ஒரு நிமிஷத்தில் தலையணையாக உப்பி, பசை விட்டு, நழுவிவிடும். அதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறுபடி செய்யமாட்டார்கள். தெரிந்தவர்களும் விவரமானவர்களும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறே இருக்கின்றன.

"அஞ்சு நாள் கழிச்சு"

நான் பழக்க ஆரம்பித்த மூன்றாம் வருஷம். பதினோரு வயதுப் பெண். மிதக்க வந்துவிட்டது, கையும் காலும் ஒழுங்காகப் போடுவாள். பக்கவாட்டில் தலை திருப்பி மூச்செடுப்பது மட்டும் பாக்கி. ஒரு காலையில் அவள் அம்மா தனியாக வந்தார். "ஏனுங்க டீச்சர், பாப்பா பெரிய மனுஷி ஆயிட்டாளுங்க." நான் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னேன். கூடவே அந்த வாக்கியத்தையும் சொன்னேன்.

என்னுடைய ஐந்து நாள் அவர்கள் வீட்டில் பதினாறு நாளானது. தாய்மாமன் சீர், பந்தல், உறவுக்காரர் வரவு. அது முடிவதற்குள் ஜூன் பிறந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மறு வருஷம் வந்தாள். மூன்றாம் நாளே "வந்துடுச்சுங்க டீச்சர்". மறுபடியும் ஐந்து நாள். திரும்பி வந்து இரண்டு வாரம் ஓடியது, மறுபடியும் வந்துவிட்டது.

இங்கேதான் எனக்கு அப்போது விவரம் போதவில்லை. முதல் இரண்டு வருஷம் மாதவிடாய்க்கு நாள்காட்டி கிடையாது. ஒரு தரம் 21 நாளில் வரும், இன்னொரு தரம் 45 நாள் ஆகும், நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனாலும் ஆச்சரியமில்லை. வந்தால் இரண்டு நாளிலும் நிற்கும், ஏழு நாளும் இருக்கும். ஆறு வாரக் கோடை வகுப்பில் இரண்டு தரம் வந்து, ஒவ்வொரு தரமும் ஒரு வாரம் உட்காரவைத்தால் மிச்சம் என்ன இருக்கும்? நீச்சல் உடம்பில் ஏறுவதே தினமும் செய்வதால்தான். விட்டு விட்டு வருகிற பிள்ளை ஒவ்வொரு தரமும் பயத்திலிருந்து மறுபடி தொடங்குகிறாள்.

அதற்கடுத்த வருஷம் அவள் வரவில்லை. "இனி எதுக்குங்க டீச்சர், பெரிய பொண்ணாயிட்டா" என்றார் அம்மா. நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அதுவும் எந்த ஊரில்? வயல் வயலுக்குக் கால்வாய், தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு, குளம். சித்தூர்ப்புழை முழங்கால் அளவு ஓடுவதைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக இறங்கி நிற்பார்கள். அது நம் மழையை மட்டும் நம்பி ஓடும் ஆறில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி (1970) வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவுத் தடுப்பணை வழியாக இந்த ஆற்றுக்கு வர வேண்டும். தமிழ்நாட்டில் திறந்தால் இங்கே ஏறும். பாறையில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறவருக்கு எப்போது திறந்தார்கள் என்று எப்படித் தெரியும்?

அந்தப் பெண் கல்லூரிக்குப் போகும்போது சித்தி பிள்ளைகளோடு ஆற்றுக்குப் போயிருக்கிறாள். தண்ணீர் ஏறியிருக்கிறது. ஒரு சின்னப் பையன் கால் வழுக்க, "எனக்கு நீச்சல் தெரியும்" என்று பின்னாலேயே பாய்ந்திருக்கிறாள். பத்துக் கை போட்டதும் மூச்சு முட்டிவிட்டது. மிச்சமெல்லாம் கடப்பாறை நீச்சல்தான். துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்கள் சேலையை முறுக்கி எறிந்து இரண்டு பேரையும் இழுத்திருக்கிறார்கள். இதை ஒரு ஜவுளிக்கடையில் என்னைப் பார்த்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். "நீங்க சொல்லிக்குடுத்த அந்தக் கை நல்லா வந்துச்சுங்க டீச்சர், மூச்சுத்தான் வரல." எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சுக்கு முன்னால் அவளை வீட்டுக்கு அனுப்பியது யார்?

நீச்சலே தெரியாதவள் கரையில் நின்று கத்துவாள். பாதி தெரிந்தவள் இறங்கிவிடுவாள்.

இப்போது நான் சொல்வது இது: "நாளைக்கும் வரட்டுமுங்க. இறங்கறதா வேண்டாமான்னு அவளே சொல்லட்டும்." வருவதை நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். இறங்கப் பிரியமில்லை என்றால் கட்டாயமில்லை. படியோரத்தில் குப்புறப் படுத்துக் காலடிக்கலாம். ஒரு பேசினில் தண்ணீர் பிடித்து முகத்தை உள்ளே வைத்துக் குமிழி விட்டு, பக்கவாட்டில் திருப்பி மூச்செடுத்துப் பழகலாம். அந்தப் பெண்ணுக்குப் பாக்கியிருந்தது இது ஒன்றுதான் என்பது ஒவ்வொரு தரம் பேசினைத் தூக்கும்போதும் ஞாபகம் வருகிறது. கரையில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்க்கிற பிள்ளை பெரும்பாலும் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ "நானும் இறங்கட்டுமா?" என்று தானே கேட்டுவிடும்.

சடங்கை விட்டுவிடுங்கள் என்று நான் யார் வீட்டிலும் சொல்வதில்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பாட்டிமார் வாயில் அதற்குப் பெயரே தெரண்டுகுளி. பெயரிலேயே குளி இருக்கிறது. பெண்ணைக் குளத்துக்கு அழைத்துப்போய் முங்கவைப்பதுதான் சடங்கு. இந்த நியாயத்தை ஒரு பாட்டியிடம் எடுத்துவைத்தேன். "அது நாலாம் நாளுடி, முத நாளில்ல" என்றார். சரி, நாலாம் நாளாவது அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார்.

தண்ணீர் கெட்டுப்போகும் என்று பயப்படுவது

ஒரு மாதவிடாய் முழுக்கவும் வெளியேறுவது பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி. முதல் தரம் பல பிள்ளைகளுக்கு அதுகூட இருக்காது, பழுப்பாகக் கொஞ்சம் பட்டுவிட்டு நிற்கும். 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 4,68,750 லிட்டர் தண்ணீர் இருக்கும், அதிலும் குளோரின் போட்டது. வியர்வை, எச்சில், சின்னப் பிள்ளைகள் விடுகிற சிறுநீர் எல்லாவற்றையும் தாங்குகிற தண்ணீர் அது. இந்தக் கணக்கைத் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினால் பிள்ளைகளுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

கோயில் குளம் வேறு விஷயம். அங்கே ஊர் வழக்கோடு மல்லுக்கு நிற்பது என் வேலையில்லை. பிள்ளையை வேறு குளத்துக்குக் கூட்டிப் போவதுதான் என் வேலை.

"தண்ணிக்குள்ள வராது, பயப்படாதே"

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. தண்ணீரின் அழுத்தம் வெளியே வருவதைக் குறைத்துக் காட்டும். நிறுத்தாது. இருமினால், சிரித்தால் வரும். படியேறி வெளியே வந்தால் உடனே வரும், காலோடு தண்ணீரும் சேர்ந்து வழிவதால் நாலு மடங்காகத் தெரியும். நான் இப்படித் தைரியம் சொல்லி இறக்கிய ஒரு பிள்ளை கடைசிப் படியில் நின்று காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இப்போது அடர் நிற ஷார்ட்ஸ் மேலே போடச் சொல்கிறேன். கடைசிப் படியிலேயே ஒரு தோர்த்து, அதாவது துண்டு, மடித்து வைத்திருக்கும். ஏறும்போதே இடுப்பில் சுற்றிக்கொள்ளலாம்.

போட்டி நாளில் முதல் டேம்பான்

மாதவிடாய்க்கென்றே உள்ளே உறிஞ்சும் அடுக்கு வைத்துத் தைத்த நீச்சல் உடை இருக்கிறது. முதல் ஆறு மாதத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். குறைவாகப் படும் நாட்களுக்கு அது தாங்கும். உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் பயனில்லை. வாங்கிய அன்று வீட்டுக் குளியலறையிலேயே போட்டு நனைந்து பார்த்துக்கொள்ளட்டும்.

அதிகமாகப் படும் நாளில் இறங்கத்தான் வேண்டுமென்றால் டேம்பான் (உள்ளே வைக்கிற, நூல் கட்டிய பஞ்சுச் சுருள்), இல்லையென்றால் கப் (உள்ளே வைக்கிற சின்னக் கிண்ணம்). இரண்டும் வீட்டில், அவசரமில்லாத ஒரு நாளில், படுகிற நேரத்தில் பழக வேண்டியவை. போட்டிக்கு அரைமணி நேரம் முன்னால், கதவு சரியாகச் சாத்தாத உடைமாற்றும் அறையில், வெளியே நின்று அம்மா "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்க, பயத்தில் இறுகிப்போன உடம்புக்குள் அது போகாது. வலிக்கும். பிறகு அந்தப் பிள்ளை வருஷக்கணக்கில் அந்தப் பக்கமே போகாது.

மிகச் சிறிய அளவை எடுங்கள். கை கழுவிவிட்டு, நேர் மேலே தள்ளாமல் முதுகின் கீழ்ப்பக்கம் நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். வைப்பதும் எடுப்பதும் அவள் கைதான், அம்மா ஆனாலும் டீச்சர் ஆனாலும் வாயால் சொல்லலாம், அவ்வளவுதான். எட்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நீச்சல் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும், நூல் குளத்துத் தண்ணீரில் ஊறியிருக்கும். என்னிடம் ஒரு பிள்ளை எடுக்க மறந்து வேனில் தூங்கிவிட்டாள். அன்றிலிருந்து வேனை விட்டு இறங்கும்போதே கேட்டுவிடுகிறேன்: "எல்லாம் எடுத்தாச்சா?" மற்றவர்கள் கண்ணாடியையும் தொப்பியையும் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். டேம்பான் வைத்திருக்கும்போது திடீரென்று கடுங்காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், தோலில் சிவப்புத் தடிப்பு வந்தால் உடனே எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் என்கிற இந்தக் கிருமி நச்சு பாதிப்பு அரிதுதான், வந்தால் பொறுக்காது.

கப்பைப் பற்றிக் கேரளத்தில் பேச இப்போது கூச்சம் குறைந்திருக்கிறது. ஆலப்புழையில் 2019-ல் 'திங்கள்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில் எறணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கியை நாப்கின் இல்லாத ஊராகவே அறிவித்தார்கள். திங்கள் என்றால் தமிழிலும் மாதம்தானே, பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. கப் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். ஆனால் கை பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். அடியைக் கிள்ளிக் காற்றை விட்டபிறகுதான் எடுக்க வேண்டும், வெறுமனே இழுக்கக் கூடாது. முதல் மாதவிடாயில் வேண்டாம்.

"கன்னி கழிஞ்சிருமே" என்று கேட்பவர்களுக்கு: கன்னிச்சவ்வு என்கிற அந்தச் சவ்வு மூடிய கதவில்லை. மூடியிருந்தால் இரத்தம் எப்படி வரும்?

ஆண் கோச்சிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்லச் சொல்வது

மாதாமாதம் காய்ச்சல் வருகிற பிள்ளையை எந்தக் கோச்சும் அணியில் வைக்கமாட்டார். அம்மாவே ஒரு தரம் நேராகச் சொல்லிவிடலாம். எங்களிடம் ஒரு ஏற்பாடு உண்டு. பச்சைத் தோர்த்து கொண்டுவந்தால் கேள்வி கேட்காமல் கரைப் பயிற்சி. போன மாதம் ஒரு பொடிசு மூன்று வாரம் தொடர்ந்து பச்சைத் தோர்த்து கொண்டுவந்தது, காலடிக்கச் சோம்பல்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய் இருந்தார். 4×100 மெட்லி ரிலேயில் சீனா நான்காவதாக வந்தது. நேற்றிரவுதான் மாதவிடாய் ஆரம்பித்தது, களைப்பாக இருக்கிறது, ஆனால் சரியாக நீந்தாததற்கு அது சாக்கில்லை என்று கேமரா முன்னால் சொன்னார். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒருத்தி கேட்டாள்: "அவங்கம்மா திட்டலைங்களா டீச்சர்?"

மாத்திரை போட்டுத் தள்ளிப்போடுவது

கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் அம்மா போட்ட நாரெதிஸ்டிரோன் அட்டையிலிருந்து பிள்ளைக்கும் கிள்ளிக் கொடுப்பது. அது ஹார்மோன். டாக்டர் எழுதாமல் வேண்டாம்.

வாட்ஸாப் குழுவில் அறிவிப்பது

அப்பாக்களும் அதே குழுவில்தான் இருக்கிறார்கள்.

மூன்று மாதம் வராவிட்டால் "நல்லதாப் போச்சு" என்பது

ஓரிரு மாதம் தவறுவது ஆரம்பத்தில் சகஜம். போட்டிக்குக் கடுமையாகப் பயிற்சி எடுத்து, சரியாகச் சாப்பிடாத பிள்ளைக்கு மூன்று மாதம் நின்றுபோனால் அது உடம்பு தருகிற புகார். டாக்டரிடம் காட்டுங்கள். மணிக்கு ஒரு பேடு நனைந்தாலும், ஏழு நாளுக்கு மேல் போனாலும் அப்படியே.

நீச்சல் உடையை வெந்நீரில் அலசுவது

கறை பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் போதும். நிழலில் காயப்போடுங்கள், குளோரின் பட்ட எலாஸ்டிக் வெயிலில் சீக்கிரம் இளகிவிடும்.