ட்ரூப் பெயரைப் பதியப்போகும் தம்பிகளுக்கு

போன மாதம் பாறசாலைப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. மேடைக்குப் பின்னால் கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்த மார்த்தாண்டத்துப் பையன்கள், "அண்ணா, எங்க ட்ரூப் பேரை டிரேட்மார்க் பண்ணியாச்சு, பாடுறவன் பேருலயே போட்டோம்" என்றார்கள். எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. பெயர் பதியும்போது நீங்கள் தப்புப் பண்ணிவிடக் கூடாத இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒருத்தர் பெயரில் போடுவது

திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டுக் கச்சேரி நடத்தும் எங்கள் கானமேளா ட்ரூப்பில் ஆறு பேர். புக்கிங் பார்த்தவர் கணக்குச் சொன்னார்: பெயரைப் பதிய ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு வகைச் சரக்குக்கோ சேவைக்கோ, தனிநபருக்கு 4500 ரூபாய், கூட்டு நிறுவனம் என்றால் 9000. "என் பேருல போட்டா பாதிதான், எல்லாம் நம்மளுதுதானே?" தலைக்கு 750 எடுத்துக் கொடுத்தோம். மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அன்றைக்குப் பரோட்டாவும் ஆச்சு.

அப்புறம் அட்வான்ஸ் பங்கில் தகராறு. அவர் புதுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் இறங்கினார். எங்களுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்த நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கமிட்டிக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. அவர்களுக்கு எதற்கு வம்பு? பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வேன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த எங்கள் பெயரை நானே பிளேடால் சுரண்டினேன். 'ளா' மட்டும் வரவே இல்லை.

வழக்குப் போட வழி உண்டு. பதிவைத் திருத்தச் சொல்லிப் பதிவாளரிடமோ உயர்நீதிமன்றத்திலோ கேட்கலாம். ஆனால் ஒரு சீசன் முழுக்க வாசித்தாலும் அந்தச் செலவுக்குக் காணாது.

சும்மா சேர்ந்து வாசிக்கிற ஆறு பேருக்குச் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆளாக உருவம் கிடையாது. அதனால் முதலில் கூட்டு ஒப்பந்தம் எழுதுங்கள். பெயர் நிறுவனத்துக்கே சொந்தம், விலகுகிறவர் பெயரைக் கொண்டுபோக முடியாது என்று அதில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். பிறகு எல்லாக் கூட்டாளிகளின் பெயரும் வருகிற மாதிரி விண்ணப்பியுங்கள். சிறுதொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு இருந்தால் நிறுவனத்துக்கும் 4500தான். எங்களுக்கு இது தெரியாமல் போச்சு. ஏற்கெனவே ஒருத்தர் பெயரில் போட்டாச்சு என்றால், எல்லோரும் ஒரே வண்டியில் போய்வரும்போதே உரிமை மாற்றுப் பத்திரம் எழுதி, பதிவு ஆவணத்திலும் மாற்றிவிடுங்கள். கோபம் வந்த பிறகு எவனும் கையெழுத்துப் போடமாட்டான்.

வகுப்பு

மேடைக் கச்சேரிக்கு வகுப்பு எண் 41. பதிவு செய்த பாட்டுக்கு 9, டீ-ஷர்ட்டுக்கு 25. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், விற்காததற்குக் கட்டாதீர்கள்.

லோகோவை மட்டும் பதிவது

பெயரை வெறும் எழுத்தாகவே பதியுங்கள். லோகோ வருஷா வருஷம் மாறும்.

வட்டத்துக்குள் ஆர்

பதிவான பெயர் என்று காட்டும் ® குறியைப் பதிவாகும் முன் போட்டால் குற்றம். அதுவரை பெயருக்குப் பக்கத்தில் டிஎம் (TM) போதும்.

பழைய திருவிழா நோட்டீஸைத் தூக்கிப் போடுவது

'இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம்' என்று விண்ணப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிறார்கள், ஐந்து வருஷம் வாசித்தவர்கள்கூட. முதலில் பயன்படுத்திய தேதியைப் போடுங்கள்; அதற்குப் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கேட்பார்கள். தேதியோடு உங்கள் பெயர் அச்சான திருவிழா நோட்டீஸ் நல்ல ஆதாரம். மலையாளத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பும் சேர்த்து வையுங்கள். என்னிடம் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதையும் அம்மா அரிசிப் பானைக்கு மூடியாக்கியிருந்தாள், தேதி இருந்த மூலையை எலி தின்றிருந்தது.