நான்கு டிஸ்க், ஒரு பெட்டி: 280 கேசட்டுகளைப் பத்திரப்படுத்திய விதம்

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வடிந்த இரண்டாவது வாரம், ஜாபர்கான்பேட்டையிலிருந்து ஓர் அம்மா என் வீட்டுப் படியேறி வந்தார். கையில் இருந்த பிளாஸ்டிக் பைக்குள் அவருடைய மகளின் கல்யாண ஆல்பம். தண்ணீரில் ஊறிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்த இடத்தில் எல்லாம் முகங்கள் சாயமாக வழிந்திருந்தன. "தம்பி, நீங்கள் எடுத்த வீடியோவாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. 2004இல் எடுத்த மினி டிவி (Mini DV) கேசட், மேற்கு மாம்பலத்தில் முதல் மாடியில் என் இரும்பு பீரோவுக்குள் இருந்தது. ஓட்டிப் பார்த்தபோது முகூர்த்தம் நன்றாக வந்தது. ஊஞ்சல் பகுதி மட்டும் பூஞ்சை பிடித்துக் கட்டம் கட்டமாக உடைந்து போயிருந்தது.

என்னிடம் அப்படி 280 கேசட்டுகள் இருந்தன. எல்லாமே பிறர் வீட்டுக் கல்யாணங்கள், சீமந்தங்கள், அறுபதாம் கல்யாணங்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, வீட்டிலேயே குறைந்த செலவில் பாதுகாக்க நான் அமைத்துக்கொண்ட ஹார்டு டிஸ்க் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது குழந்தையின் புகைப்படங்களாகவோ கச்சேரிப் பதிவுகளாகவோ இருக்கலாம். வழி ஒன்றுதான்.

முதலில் கணக்கு. ஒரு மணி நேர மினி டிவி கேசட் அப்படியே கணினியில் ஏறினால் ஏறக்குறைய 13 ஜிபி. 280 கேசட்டுக்கு 3,640 ஜிபி. ஒரு 4 டெராபைட் டிஸ்க்கில் மூச்சு முட்ட அடைத்துவிடலாம். ஆனால் டிஸ்க்கில் பத்தில் ஒரு பங்காவது காலியாக விடுவது என் வழக்கம். அதனால் இரண்டு டிஸ்க். இரண்டுக்கும் ஒவ்வொரு பிரதி வேண்டும், ஆக நான்கு. 4 டெராபைட் என்று வாங்கிய டிஸ்க் விண்டோஸில் 3.63 என்று காட்டும்போது பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

நான்கு டிஸ்க்குகளையும் தனித்தனி அடாப்டரோடு, ஒரு யுஎஸ்பி ஹப்பில் கோத்து மேசைமேல் பரப்பி வைத்தேன். ஒரு வருடம் ஓடியது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவியின் முந்தானை ஒயரில் சிக்கி, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் ஒன்று தரையில் விழுந்தது. ஓடும் டிஸ்க்குக்கு ஒரு சாண் உயரமே அதிகம். அது மேசையிலிருந்து விழுந்தது. பிரதி இருந்ததால் கேசட்டுகள் பிழைத்தன. மறுநாளே பெட்டி வாங்கக் கிளம்பினேன்.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் 'ஃபோர் பே' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். நான்கு அறைகள் உள்ள பெட்டி. ஒவ்வோர் அறையிலும் ஒரு மூன்றரை அங்குல டிஸ்க் நுழையும். பின்னால் ஒரே ஒரு யுஎஸ்பி ஒயர். இதில் இரண்டு வகை. ஒன்று, நான்கு டிஸ்க்கையும் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும் ரெய்டு பெட்டி. மற்றது, நான்கையும் நான்காகவே காட்டும் சாதாரணப் பெட்டி. நான் பார்த்த கடையில் முதல் வகையின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டாவதையே வாங்குங்கள். காசு மட்டும் காரணம் அன்று. ரெய்டு பெட்டியின் உள்ளே இருக்கும் சின்ன போர்டு போய்விட்டால், டிஸ்க்குகள் நன்றாக இருந்தும் அதே மாதிரிப் பெட்டி கிடைக்கும்வரை உங்களால் ஒன்றையும் படிக்க முடியாமல் போகலாம். தனித்தனியாக நிற்கும் டிஸ்க்கை எந்தக் கணினியிலும் மாட்டிப் படிக்கலாம்.

அதையும் சோதித்துக்கொள்ளுங்கள். சில பழைய பெட்டிகள் பெரிய டிஸ்க்குகளைத் தம் வசதிக்கு வேறு அளவுக் கட்டங்களாக மாற்றிக் கணினிக்குக் காட்டும். அந்த டிஸ்க்கை வெளியே எடுத்து, கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா ஒயரில் நேராக மாட்டினால் காலி டிஸ்க் போலத் தெரியும். பெட்டி வந்த அன்றே ஒரு டிஸ்க்கில் இரண்டு கோப்புகளைப் போட்டு, வெளியே உருவி, ஒரு மேசைக் கணினிக்குள் நேரடியாக மாட்டித் திறந்து பாருங்கள். திறந்தால் பெட்டி நல்ல பெட்டி. திறக்காவிட்டால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேகத்துக்காகக் கூடுதல் பணம் வேண்டாம். சுழலும் டிஸ்க் ஒரு நொடிக்கு 150 முதல் 250 எம்பி வரை தரும். சாதாரண 5 ஜிகாபிட் யுஎஸ்பி 3 ஒயரில் அதைப்போல் இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் ஓடலாம். 10 ஜிகாபிட் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடியுங்கள். ஒவ்வோர் அறைக்கும் தனி ஸ்விட்ச் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

இனி, யாரும் பேசாத விஷயம்: அடாப்டர். பெட்டியில் முதலில் இரண்டு டிஸ்க் போட்டேன், ஓடியது. மூன்று, ஓடியது. நான்காவதை நுழைத்து ஸ்விட்சைத் தட்டியதும் 'டக்... டக்... டக்...' என்று விரல் சொடுக்குவது போல ஒரு சத்தம். திரையில் நான்கு டிஸ்க்கும் ஒன்றாகக் காணாமல் போயின. புது டிஸ்க் பழுது என்று எண்ணிக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே தனியாக மாட்டினால் ஜம்மென்று ஓடுகிறது. கடைக்காரர் என் பையிலிருந்த அடாப்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "12 வோல்ட், 5 ஆம்பியர். சார், இதில் நான்கு டிஸ்க் எழுந்திருக்காது" என்றார்.

அவர் சொன்ன 'எழுந்திருத்தல்' சரியான சொல். மூன்றரை அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏழெட்டு வாட்டில் அடங்கிவிடும். ஆனால் நின்ற நிலையிலிருந்து தட்டு சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கும் ஒரே நேரத்தில் எழுந்தால் 8 ஆம்பியர், அதாவது 96 வாட். 5 ஆம்பியர் அடாப்டரில் வோல்ட் சரிந்து, தட்டு வேகம் பிடிக்காமல், அதைப் படிக்கும் தலை திரும்பத் திரும்பத் தன் இடத்துக்கே ஓடி வரும். அந்த ஓட்டம்தான் நான் கேட்ட டக்டக். அன்றே 12 வோல்ட், 10 ஆம்பியர் அடாப்டர் வாங்கினேன், 1,100 ரூபாய். அதன்பின் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. நீங்கள் மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடலாம். முனையில் உள்ளே ப்ளஸ்ஸா மைனஸா என்ற குறி பழைய அடாப்டரோடு ஒத்துப்போக வேண்டும். நல்ல அடாப்டர் கிடைக்கவில்லை என்றால் தனி ஸ்விட்ச் உள்ள பெட்டியில் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக, பத்து நொடி இடைவெளியில் எழுப்புங்கள்.

நம் வீட்டு இன்வெர்ட்டரையும் கொஞ்சம் கவனியுங்கள். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் நிலை, சாதாரண நிலை என்று இரண்டு உண்டு. சாதாரண நிலையில் மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளி ஃபேனுக்குத் தெரியாது, டிஸ்க்குக்குத் தெரியும். யுபிஎஸ் நிலைக்கு மாற்றி வையுங்கள். எர்த் இல்லாத பழைய பிளக்கில் இரும்புப் பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுரீரென்று ஏறும். அதோடு வாழப் பழகாதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் ஒயரோடு மூன்று முனை பிளக் போடச் சொல்லுங்கள்.

டிஸ்க் வாங்குவதில் நான் கற்றுக்கொண்டது இரண்டு. முதலாவது, பதியும் முறை. எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் நாட்டு ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் பிரிக்க வேண்டும் அல்லவா? அதேபோல ஏற்கெனவே எழுதிய இடத்தில் திருத்தி எழுதும்போது டிஸ்க் தவழ ஆரம்பிக்கும். ஒரு முறை எழுதி அப்படியே வைத்துவிடும் பிரதிக்கு அது போதும். அன்றாடம் வேலை செய்யும் டிஸ்க்குக்கு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வேண்டும். மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் விவரத் தாளில் தேடினால் எது என்று தெரிந்துவிடும். சிசிடிவி கேமராவுக்கென்று விற்கும் டிஸ்க்குகள் ரிச்சி தெருவில் எப்போதும் கிடைக்கும். அவற்றைக் கணினியிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். என் நான்கில் இரண்டு அவைதான்.

இரண்டாவது, வயது. ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். ஐந்து வருடம் ஏதோ கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா டிஸ்க் 43,000 மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். துடைத்து, உறை போட்டு, மலிவாக விற்பார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய டிஸ்க்குகளின் கணக்கை அழித்துப் புதியவை என்று விற்றது வெளியே வந்தது. அதனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு இந்தியாவில் வாரண்டி இருக்கிறதா என்று கடையிலேயே, பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெட்டிக்கு 9,500 ரூபாய் கொடுத்தேன். டிஸ்க் ஒவ்வொன்றும் ஒன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. நான்கையும் ஒரே நாளில் வாங்கவில்லை. முதலில் இரண்டு, ஐந்து மாதம் கழித்து இரண்டு. இப்படி வாங்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஒரே நாளில், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து வந்த டிஸ்க்குகளுக்கு ஒரே குறை இருக்க வாய்ப்பு அதிகம்.

புது டிஸ்க்கில் உடனே எதையும் போடாதீர்கள். விண்டோஸில் ஜிபிடி என்று தேர்ந்தெடுத்து, 'குயிக் ஃபார்மட்' என்ற குறியை எடுத்துவிட்டு முழுதாக ஃபார்மட் செய்யுங்கள். 4 டெராபைட்டுக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம். ஃபார்மட் வகை கேட்கும்போது, விண்டோஸ் மட்டுமே பயன்படுத்துபவர்கள் எக்ஸ்ஃபேட் வேண்டாம், என்டிஎஃப்எஸ் போடுங்கள். எழுதும்போது மின்சாரம் போனால் எழுந்து நிற்கும் திறன் என்டிஎஃப்எஸ்ஸுக்கு அதிகம். காலையில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைச் சொல்லும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளை, கடைசிப் பத்தியான 'ரா வேல்யூஸ்' என்பதில் பாருங்கள். மூன்றிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். புது டிஸ்க்கில் ஒன்று என்று இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். சி7 வரி ஏறினால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள். அது பெரும்பாலும் இணைப்பில், ஒயரில் உள்ள கோளாறு.

பிறகு பெயர். 'கல்யாணம் 1', 'கல்யாணம் 2', 'பிரதி 1', 'பிரதி 2' என்று கணினியில் பெயரிட்டு, அதே பெயரையும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளையும் வெள்ளை டேப்பில் எழுதி டிஸ்க்கின் முன்விளிம்பில் ஒட்டியிருக்கிறேன். ஒரு டிஸ்க் படுத்துவிட்ட பதற்றத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிடாமல் இருக்க இந்த டேப் போதும்.

இப்போது தனி ஸ்விட்ச். முதல் இரண்டு அறைகள் வேலைக்கு. மூன்றும் நான்கும் பிரதிக்கு. அவை வாரம் முழுவதும் அணைந்தே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்குப் பிறகு அவற்றை எழுப்பி, ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருளில் 'கல்யாணம் 1'ஐ 'பிரதி 1'க்கு ஒப்பிடுவேன். அது முதலில் பட்டியல் காட்டும்: இத்தனை புதியவை, இத்தனை அழிந்தவை. நான் அழிக்காத ஒன்று அழிந்ததாகக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுவேன். ஒரு டிஸ்க்கில் எழுதுவதை உடனே இன்னொன்றிலும் எழுதும் ரெய்டு 'கண்ணாடி' முறையில் இந்த இடைவெளி கிடையாது. கை தவறி அழித்தாலும், வைரஸ் புகுந்தாலும், அதே நொடியில் இரண்டு பக்கமும் போய்விடும். வேலை முடிந்ததும் கணினியில் முறைப்படி நான்கு டிஸ்க்கையும் விடுவித்த பிறகே பெட்டியை அணைக்கவோ ஒன்றை உருவவோ செய்யுங்கள். மலிவான பெட்டிகளில் ஒரு டிஸ்க்கை உருவினால் மற்ற மூன்றும் ஒரு கணம் அறுந்து மீண்டும் ஒட்டும்.

வைக்கும் இடம் பற்றி. மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள பரண் கூடாது. அக்கினி நட்சத்திரத்தில் அது அடுப்பு. மூடிய அலமாரியும் கூடாது. தரை, நம் ஊரில், கூடவே கூடாது. ஜன்னலிலிருந்து தள்ளி, இடுப்புக்கு மேல் உயரமான ஒரு தட்டில், அடியில் ரப்பர் பாய் போட்டு வைத்திருக்கிறேன். மே மாதத்தில் டிஸ்க்கின் சூடு 45 டிகிரியைத் தாண்டினால் சுவர் ஃபேனை அதன் பக்கம் திருப்புவேன். மாதம் ஒரு முறை பெட்டியின் பின்புற விசிறியில் படியும் தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். இதமான சூடு இருக்கும் இடத்தை எறும்பு தேடி வரும்.

நான்கு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், ஒரே வீட்டில் இருப்பது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் முடிச்சூரும் மூழ்கியபோது, மாடியில் இருந்தும் நான் அன்றிரவு இரண்டு முறை எழுந்து படியில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தேன். அடுத்த மாதமே 5 டெராபைட் சிறிய யுஎஸ்பி டிஸ்க் ஒன்று வாங்கினேன். கேசட்டுகள் அனைத்தும் அதற்குள் அடங்கிவிட்டன. அது திருச்சியில் என் தங்கை வீட்டில், மேல் தட்டில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது புதியவற்றைச் சேர்த்துவிட்டு, ஏதாவது ஒரு கல்யாணத்தைத் திறந்து நடுவிலிருந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பேன். போன தீபாவளிக்கு ஜாபர்கான்பேட்டை முகூர்த்தம் ஓடியது. தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யார் அண்ணா இது, நாதஸ்வரம் நன்றாக இருக்கிறதே" என்றாள்.