பாரிஸ் கனவுக்கு மட்டக்களப்பில் ஒத்திகை

பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டம் பல சைக்கிள்காரரின் கனவு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும், அடுத்தது 2027இல். 1,200 கி.மீ. தூரத்தை 90 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்குத் தகுதி பெறும் ஓட்டங்களில் சிறியதே 200 கி.மீ., அதற்கு 13½ மணித்தியாலம். ஓய்வு, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் இந்த நேரத்துக்குள்தான்.

சரி, அந்த 200ஐ இங்கேயே ஓடிப் பார்க்கலாம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவில் போய்த் திரும்பினால் 200ஐத் தாண்டிவிடும். ஏற்றமே இல்லாத வீதி. எதிரி காற்றுத்தான். கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் பகல் வெக்கை ஆளை உருக்கிவிடும் என்பதால் விடிய நாலு மணிக்கே புறப்படுங்கள். காத்தான்குடி, கல்முனைச் சந்தைநெரிசலையும் அப்படியே தாண்டிவிடலாம்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். கோமாரிக்கு அப்பால் யானை நடமாட்டம் உண்டு. அந்தத் துண்டை நல்ல வெளிச்சத்தில் மட்டும் ஓடுங்கள். திருக்கோவில் தாண்டினால் கடைகளும் குறைவு. இரண்டு ரியூப், பம்ப், தண்ணீர் கையில் இருக்கட்டும். ரியூப் மாற்றத் தெரியாதவர்கள் முதலில் வீட்டு முற்றத்தில் பழகுங்கள், பாரிஸைப் பிறகு பார்க்கலாம்.