முட்டி வலிக்குக் குளுக்கோசமைன்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டையின் முன்பக்கம் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து இரண்டு குளுக்கோசமைன் மாத்திரைகளை ஒப்பிடுவதுதான் முதல் தவறு. சேலத்தில் மருந்துக் கடையில் நிற்கும் நான் இதை அடிக்கடி பார்க்கிறேன். அம்மாபேட்டையில் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்தவர்கள், வெள்ளிப் பட்டறையில் சம்மணமிட்டுக் கொலுசு பற்றவைத்தவர்கள், ஏற்காட்டுச் சரிவில் காபிப் பழம் பறித்தவர்கள் என முட்டி தேய்ந்தவர்களுக்கு இந்தப் பக்கம் குறைவில்லை. "ஏங்கண்ணு, இதுலயும் 750, அதுலயும் 750. விலை கம்மியா இருக்கறதையே குடு" என்பார்கள். எண் ஒன்றுதான், உள்ளே இருப்பது ஒன்றல்ல.

குளுக்கோசமைன் நம் மூட்டுக் குருத்தெலும்பில் இயல்பாகவே இருக்கும் பொருள். மாத்திரையில் அது ஏதாவது ஓர் உப்பாகத்தான், அதாவது வேறொரு வேதிப்பொருளோடு சேர்ந்துதான் இருக்கும். ஹைட்ரோகுளோரைடு 750 மி.கி. என்றால் அதில் குளுக்கோசமைன் மட்டும் சுமார் 620 மி.கி. சல்பேட் பொட்டாசியம் குளோரைடு 750 மி.கி. என்றால் சுமார் 440 மி.கி.தான். ஐரோப்பாவில் ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்த படிக சல்பேட் பொடியின் கணக்கு இன்னும் தெளிவானது. ஒரு நாள் பொட்டலம் 1884 மி.கி. அதில் 384 மி.கி. சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு. மீதி 1500 மி.கி. குளுக்கோசமைன் சல்பேட். அதிலும் சல்பேட்டைக் கழித்தால் குளுக்கோசமைன் 1178 மி.கி. ஆகவே பொட்டாசியம் உப்பு மாத்திரை 750 மி.கி. இரண்டு போட்டாலும் சுமார் 890 மி.கி.தான் கிடைக்கும். ஆய்வில் கொடுத்த அளவை அது எட்டவே இல்லை. அட்டையைத் திருப்பி, எந்த உப்பு, எத்தனை மில்லிகிராம் குளுக்கோசமைனுக்குச் சமம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது இல்லாத அட்டையில் விலையை ஒப்பிட வழியே இல்லை.

அப்படியென்றால் ஹைட்ரோகுளோரைடில்தானே சரக்கு அதிகம், அதுவே நல்லது என்று தோன்றும். அதுவும் தவறு. அமெரிக்காவில் 1583 பேரிடம் 24 வாரம் நடத்தி 2006இல் வெளியான பெரிய ஆய்வில் ஹைட்ரோகுளோரைடைத்தான் நாளைக்கு 1500 மி.கி. கொடுத்தார்கள். மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட அது மேல் என்று நிரூபணம் ஆகவில்லை. படிக சல்பேட்டுக்குச் சாதகமான ஆய்வுகள் உண்டு, 2001இல் வெளியான மூன்றாண்டு ஆய்வு உட்பட. ஆனால் அவற்றில் முக்கியமானவை தயாரித்த நிறுவனத்தின் ஆதரவோடு நடந்தவை. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் முட்டி, இடுப்பு, கை மூட்டுத் தேய்மானத்துக்குக் குளுக்கோசமைனே வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறது. ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று மருந்துத் தரப் படிக சல்பேட்டை மட்டும் ஏற்கிறது. என் கருத்து இதுதான்: போட்டுப் பார்த்தே தீருவேன் என்றால் சல்பேட்டை, முழு அளவில் போட்டுப் பாருங்கள். என்-அசிடைல் குளுக்கோசமைன் என்று விற்பது இந்த இரண்டுக்கும் மாற்று அல்ல. பூசும் களிம்புக்கு ஆதாரம் குறைவு. களிம்புதான் வேண்டுமென்றால் முட்டிக்கு டைக்ளோஃபினாக் ஜெல்லுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

நான் மிகவும் கவலைப்படுவது கூட்டு மாத்திரையைப் பற்றி. "குளுக்கோசமைன்தானே, சத்து மாத்திரைதானே" என்று பக்கத்து வீட்டு அட்டையைக் காட்டி வாங்குகிறார்கள். நம் ஊரில் பல அட்டைகளில் 750 மி.கி. குளுக்கோசமைனோடு 50 மி.கி. டயாசெரின் சேர்ந்திருக்கும். டயாசெரின் சத்து அல்ல, மருந்து. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். வயிற்றுப்போக்கு அப்படியல்ல. ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் ஈரல் நோய் உள்ளவர்களுக்கு டயாசெரின் கூடாது என்றது, வயிற்றுப்போக்கு ஆபத்துக்காக 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் வேண்டாம் என்றது. முட்டி வலிக்கு மாத்திரை கேட்டு வருவோரில் அந்த வயதுக்காரர்களே நிறைய. "ரெண்டு நாளா வயித்தால போகுது, சோறு சேரல போல" என்று வருகிற அம்மாவிடம் முட்டி மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வால்வு மாற்று அறுவை செய்து ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசினோகூமரால் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் குளுக்கோசமைனைத் தொடவே கூடாது. வார்ஃபரினோடு சேர்ந்து ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண், ஏறியதாகப் பதிவுகள் உள்ளன. ஐ.என்.ஆர். ஏறினால் ரத்தக்கசிவு ஆபத்து. சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் பொட்டாசியம் உப்பு வகையைத் தவிர்த்துவிடலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வழக்கமான அளவு பெரிய மாற்றம் செய்வதாகத் தெரியவில்லை, இருந்தாலும் ஆரம்பித்த பின் மூன்று மாதச் சர்க்கரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, எல்லா மூட்டு வலியும் தேய்மானம் அல்ல. காலையில் எழுந்து ஒரு மணி நேரமாகியும் விரல் மடங்கவில்லை, இரண்டு கையிலும் சிறு மூட்டுகள் வீங்கியிருக்கின்றன என்றால் அது முடக்கு வாதமாக இருக்கலாம். ராத்திரியில் திடீரென்று கால் பெருவிரல் சிவந்து நெருப்பாய் எரிந்தால் யூரிக் அமிலக் கோளாறாக இருக்கலாம். இரண்டுக்கும் குளுக்கோசமைன் மருந்தில்லை. முடக்கு வாதத்தில் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மூட்டைத் தின்னும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சைவக்காரர்கள் கவனிக்க: பெரும்பாலான குளுக்கோசமைன் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. பூஞ்சையிலிருந்தோ மக்காச்சோளத்தை நொதிக்கவைத்தோ எடுப்பதும் கிடைக்கிறது. அட்டையில் மூலப்பொருளைப் பாருங்கள். இறால் ஒவ்வாமை பெரும்பாலும் சதையில் உள்ள புரதத்தால்தான் வருகிறது, ஓட்டால் அல்ல. ஆனாலும் ஒவ்வாமை உள்ளவர்கள் ஓட்டு வகையை விட்டுவிடுவதே நிம்மதி. ஏற்காட்டில் வாங்கிவரும் முடவாட்டுக்கால் கிழங்கைச் "சைவ ஆட்டுக்கால்" என்று சூப் வைத்துக் குடிப்பார்கள். அது பாறையிலும் மரத்திலும் படரும் பெரணியின் கிழங்கு. ருசிக்குக் குடியுங்கள், குளுக்கோசமைனுக்குப் பதில் என்று கணக்கு வைக்காதீர்கள்.

கடைசித் தவறு, நிறுத்தாமலிருப்பது. ஆரம்பிக்கும் நாளில் மாடிப்படி ஏறும்போது வலி பத்துக்கு எத்தனை என்று காலண்டரில் எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். எண் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், திடீரென நிறுத்துவதால் கெடுதல் இல்லை. அந்தக் காசை எடைக் குறைப்புக்கும் தொடைத் தசைக்கும் திருப்புங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். பத்து முறை, பிறகு அடுத்த கால். சரியாகச் செய்கிறீர்களா என்று பார்க்க ஆள் வேண்டுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள்.